‘முதலில் வளர்வோம், பிறகு சுத்தம் செய்வோம்’: நொய்யலில் என்ன நடந்தது?

கேள்வி: வளர்ந்த நாடுகள் எல்லாம் ஆற்றையும் காற்றையும் கெடுத்துத்தான் பணக்கார நாடுகள் ஆயின. இந்தியா மாதிரி நாடுகளும் முதலில் தொழிலை வளர்த்துக்கொண்டு, கையில் காசு சேர்ந்ததும் சுற்றுச்சூழலைச் சரிசெய்துகொள்ளக் கூடாதா? இப்போதே கட்டுப்பாடு போட்டால் ஏழைகளின் வேலைதானே போகும்?

பதில்:

இந்தக் கேள்வியை எடுத்தவுடனே தள்ளிவிட எனக்கு மனம் வராது. 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. கூட்டிய சுற்றுச்சூழல் மாநாட்டில் இந்திரா காந்தி கேட்டதும் ஏறக்குறைய இதுதான். வறுமையும் தேவையும்தானே எல்லாவற்றையும்விடப் பெரிய மாசு என்றார். குடிசையில் தன் வாழ்க்கையே அழுக்கில் கிடக்கும் மனிதரிடம் போய் ஆற்றைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம். அதில் இருக்கும் நியாயம் இன்றைக்கும் குறையவில்லை.

ஆனால் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இதற்கு விடை கிடைக்காது. நீங்கள் சொல்லும் ‘முதலில் வளர்ச்சி, பிறகு சுத்தம்’ என்பதை ஓர் ஊர் முழுசாகச் செய்து பார்த்திருக்கிறது. அந்த ஊர் திருப்பூர். அங்கே நடந்ததைப் பார்த்தால் உங்கள் கேள்வியின் ஒவ்வொரு பகுதிக்கும் விடை இருக்கிறது.

முதலில் ஆறு. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடி, ஈரோடு மாவட்டத்தைத் தொட்டு, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மழைக்காலத்தில் மட்டும் நன்றாக ஓடும் ஆறு. மற்ற மாதங்களில் அதில் ஓடுவது ஊரின் கழிவுநீர்தான். 1980களில் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி சூடு பிடித்தது. வெள்ளை பனியன் போய் நிறம் நிறமாக டி-ஷர்ட் கேட்டார்கள். ஆற்றின் இரு கரையிலும் சாயப்பட்டறைகள் முளைத்தன. எண்ணிக்கை எழுநூறைத் தாண்டியது.

சாயம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிவப்பாகவும் நீலமாகவும் ஓடிய தண்ணீர். போட்டோவில் அதுதான் பதிவாகும். நிலத்தைக் கொன்றது என்னவோ கண்ணுக்குத் தெரியாத உப்பு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஏனென்றால் ‘பிறகு சரிசெய்யலாம்’ என்ற பேச்சு உடைவது இங்கேதான்.

பருத்தி தண்ணீரில் நனைந்ததும் எதிர்மின்னேற்றம் பெறும். அதற்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால்தான் அந்தத் தள்ளல் அடங்கி, சாயம் நூலுக்குள் ஏறும். அப்புறம் சோடா ஆஷ் என்ற காரத் தூள் போட்டு அதைப் பிடிக்க வைப்பார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது. அதன் வேலை முடிந்ததும் அலசும் தண்ணீரோடு மொத்தமும் வெளியே போகும்.

எவ்வளவு உப்பு? ஒரு கணக்குப் போடுவோம். இப்போதைய ‘சாஃப்ட் ஃப்ளோ’ என்ற சாயமேற்றும் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் சாயத்தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராமை ஒட்டி உப்பு போகும். அப்படியானால் கிலோ துணிக்கு 480 கிராம். நீங்கள் போட்டிருக்கும் 200 கிராம் டி-ஷர்ட்டுக்கு ஏறத்தாழ 100 கிராம் உப்பு. பழைய ‘விஞ்ச்’ வகைச் சாய மெஷின்களில் தண்ணீர் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும், உப்பும் அதே விகிதத்தில் கூடும். 2000களில் திருப்பூரிலிருந்து நாளொன்றுக்கு 8 கோடி லிட்டர் அளவுக்குச் சாயக்கழிவு வெளியேறியது. லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்று குறைத்தே வைத்தாலும் தினமும் 400 டன். இத்தனையும் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஒரு சிற்றாற்றுக்குள் போனது.

1990களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை எடுப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. தண்ணீர் தெளிந்து வெளியே வரும், உப்பு அப்படியே இருக்கும். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதி. வெளியேறிய தண்ணீர் அதைப்போல் பல மடங்கு. சட்டமும் இருந்தது, நிலையமும் இருந்தது, மீட்டரும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். வளரும் நாடுகளில் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் குறை அதுவல்ல. சட்டத்தை மீறுவது அதைப் பின்பற்றுவதைவிட மலிவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த உப்பு போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம். சென்னிமலைப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே 1992-ல் ஓர் அணை கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பல ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருவது திட்டம். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தேக்கமாக மாறிவிட்டது. அணையைச் சுற்றியிருந்த கிணறுகளில் தண்ணீர் கசந்தது. கால்நடைகள் குடிக்க மறுத்தன. தென்னை காய்ப்பு விட்டது. அணை வேண்டும் என்று கேட்ட அதே ஆயக்கட்டு (அணைப் பாசனம் பெறும் நிலம்) விவசாயிகள், இந்த அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று போராட வேண்டியிருந்தது. உழவர் அணையைக் காலியாக வைக்கச் சொல்லிக் கேட்கும் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எனக்கு இதைவிடப் பெரிய தோல்வி எதுவும் தோன்றவில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். வளர்ந்த நாடுகள் பிறகு சுத்தம் செய்துகொண்டனவே என்கிறீர்கள். லண்டனின் தேம்ஸ் ஆறு நல்ல உதாரணம். 1858 கோடையில் அதன் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திணறியது. 1957-ல்கூட அந்த ஆற்றில் உயிரே இல்லை என்று அறிவித்தார்கள். இன்று அதில் மீன் இருக்கிறது, கடல்நாய்கூட வருகிறது. ஆனால் தேம்ஸைக் கெடுத்ததில் பெரும்பங்கு மனிதக் கழிவு. அது மக்கும். வரத்தை நிறுத்தினால் பாக்டீரியா மிச்சத்தைத் தின்றுவிடும், ஆக்சிஜன் திரும்பும், ஆறு பிழைக்கும். உப்பு மக்காது. மண்ணில் இறங்கிய சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்துவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது, வேர் மூச்சு விடாது. நிலத்தடி நீருக்குப் போனது நல்ல மழை பல ஆண்டுகள் பெய்து கரைத்துத் தள்ளினால்தான் குறையும். அதுவும் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெறும் கொங்குச் சீமையில். ஆக, எல்லா மாசும் ஒரே ரகமில்லை. சிலதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிலதைச் செய்தால் செய்ததுதான்.

சரி, ‘கையில் காசு சேர்ந்ததும்’ என்ற பகுதி. திருப்பூரில் காசு சேராமல் இல்லை. 1980களின் நடுவில் சில பத்துக் கோடிகளாக இருந்த ஏற்றுமதி, 2006 வாக்கில் ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. ஊர் பணக்கார ஊரானது. ஆனால் நொய்யலை யாரும் தாமாகச் சுத்தம் செய்யவில்லை. இதற்குக் காரணம் அந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. பணம் சேர்ந்த இடமும் கழிவு வெளியேறிய இடமும் வேறு வேறு.

பனியன் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். ஏற்றுமதியாளர் ஆர்டர் எடுப்பார். நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம். சாயப்பட்டறை பெரும்பாலும் ஜாப் வொர்க். கிலோவுக்கு இவ்வளவு கூலி, அதோடு சரி. பக்கத்துப் பட்டறை ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டால் துணி அங்கே போய்விடும். சுத்திகரிப்புச் செலவைத் தன் கூலியில் ஏற்றுகிற பட்டறை முதலில் மூடும். நல்லது செய்ய நினைப்பவரை முதலில் தண்டிக்கும் ஏற்பாடு இது. லாபத்தின் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடை வைத்திருக்கும் பிராண்டுகளுக்கு, கொஞ்சம் ஏற்றுமதியாளருக்கு. ஆற்றின் கரையில் இருக்கும் பட்டறைக்குச் சொற்பம். அணைக்குக் கீழே இருக்கும் விவசாயிக்கு உப்பு மட்டும். எனவே ‘நாடு பணக்காரனானால் நாடு சுத்தம் செய்யும்’ என்று பேசும்போது, அந்த ‘நாடு’ யார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியில் சுத்தம் எப்படி வந்தது? விவசாயிகள் நீதிமன்றம் போனதால் வந்தது. அவர்களுக்கு ஓர் ஆயுதம் ஏற்கெனவே தயாராக இருந்தது. பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியதுதான் என்று தீர்ப்பளித்திருந்தது. அதன் பின்புலத்தில் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது, கெடுவுக்குள் அதற்கான ஏற்பாடு செய்யுங்கள், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் சில பைசா கட்டுங்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கெடு வந்தது, போனது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது. மின் இணைப்பைத் துண்டித்தார்கள்.

‘ஏழைகளின் வேலை போகும்’ என்று நீங்கள் சொன்னது அன்றைக்கு நிஜமாகவே நடந்தது. இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது. தேனி, மதுரைப் பக்கத்திலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியிருந்தவர்கள் மூட்டையைக் கட்டினார்கள். துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்ற வேண்டியிருந்தது. இரவோடு இரவாக அனுமதியில்லாமல் சாயம் போட்ட வேலையும் நடந்தது, அந்தக் கழிவு வேறு வாய்க்கால்களில் போய்ச் சேர்ந்தது. 1990களிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்க வேண்டியதை ஒத்திப்போட்டதால், ஒரே நாளில் வந்து விழுந்த அடி இது. தாமதத்தின் விலையைக் கட்டியவர் முதலாளியைவிடத் தொழிலாளிதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சரியாகி, பட்டறைகள் மீண்டும் ஓடத் தொடங்கின. இப்போது கழிவுநீரை முதலில் உயிரியல் முறையில் சுத்திகரித்து, ஆர்ஓவில் (மெல்லிய சவ்வு வழியாக உப்பை வடிக்கும் முறை) அழுத்தி, நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். ஆர்ஓ தள்ளிவிட்ட உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். உப்பிலும் ஒரு பகுதி மறுபடி சாயத்துக்கே போகிறது. தண்ணீரில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. ஒரு காலத்தில் சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கிய தொழிலுக்கு இது சின்ன விஷயமில்லை. ஏற்றுமதி? ஆண்டுக்கு 30,000 கோடியைத் தாண்டிவிட்டது. கட்டுப்பாடு தொழிலைக் கொன்றுவிடும் என்று 2006-ல் சொன்னவர்கள் எல்லோருக்கும் இந்த ஓர் எண் போதும்.

இதோடு எல்லாம் சுகம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு விஷயம் என்னை இன்னமும் உறுத்துகிறது. ஒன்று, எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர் வேண்டும், பாய்லருக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். ஆற்றைக் காப்பாற்றக் காற்றில் புகை விடுகிறோம். இரண்டு, திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. மழையில் நனைந்தால் கரைந்து ஓடிவிடும் என்பதால் புதைக்கவும் முடியாது. அந்தக் கொட்டகைக்குள் போய் நின்றால், முன்பு ஆற்றில் போனது இதுதான் என்பது நன்றாக உறைக்கும். ஆற்றில் இருந்தபோது அதற்குச் சொந்தக்காரர் யாருமில்லை. இப்போது இருக்கிறார். அந்த அளவுக்கு முன்னேற்றம்தான். உப்பு குறைவாகக் கேட்கும் சாயங்களும், குறைந்த தண்ணீரில் ஓடும் மெஷின்களும் முழுசாகப் பரவினால்தான் மிச்சப் பிரச்சினை தீரும்.

இனி, பணக்கார நாடுகளைப் பற்றி இன்னொன்று. அவை சுத்தமானதற்குச் சட்டமும் தொழில்நுட்பமும் காரணம்தான். ஆனால் அழுக்கு வேலையில் பெரும்பகுதி அங்கிருந்து கிளம்பி இங்கே வந்துவிட்டதும் ஒரு காரணம். ஐரோப்பியர்கள் டி-ஷர்ட் போடுவதை நிறுத்திவிடவில்லை. அதற்குச் சாயம் ஏற்றும் இடம்தான் மாறியது. நாம் இதை யாரிடம் தள்ளுவது? திருப்பூரிலிருந்து கரூருக்குத்தான் தள்ள முடிந்தது. 1992-ல் ரியோ மாநாட்டில், பொறுப்பு எல்லோருக்கும் பொதுவானது, ஆனால் சமமானதல்ல என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. வெப்பமாதல் பேச்சில் அதை எப்போதும் சொல்கிறோம். துணி விலையைப் பற்றிப் பேசும்போது யாரும் சொல்வதில்லை.

விலைதான் இன்றைக்கும் முள். திருப்பூர் பட்டறை கழிவு நீரைக் காய்ச்சும் செலவைத் தாங்குகிறது. அதே சட்டம் எல்லா நாட்டிலும் இல்லை, இந்தியாவின் எல்லா மாநிலத்திலும்கூட அதே கண்டிப்போடு இல்லை. வங்கதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிகவும் பின்தங்கிய நாடு என்ற வகையில் 2001 முதல் அதன் ஆடைகளுக்கு ஐரோப்பாவில் வரியில்லாத வாசல் கிடைத்தது. இந்திய ஆடைகள் அதே சந்தையில் பல ஆண்டுகளாகப் பத்து சதவீதத்தை ஒட்டி வரி கட்டி வந்தன. அந்தச் சலுகையை நான் குறை சொல்லவில்லை. அது பல லட்சம் பெண்களுக்கு முதன்முதலாகச் சம்பளம் கொடுத்தது. ஆனால் டாக்காவைச் சுற்றியுள்ள துராக், புரிகங்கா, ஷீதலக்ஷா ஆறுகளின் நிலைமை 2000களின் நொய்யலை அப்படியே நினைவூட்டுகிறது. 2019-ல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் துராக் ஆற்றுக்குச் சட்டப்படி ஓர் ஆளுக்கு உள்ள உரிமைகளையே கொடுத்தது. தீர்ப்பு அருமை. ஆனால் கிலோவுக்கு ஒரு டாலர் குறைத்துக் கேட்கும் பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டின் ஆள், மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஆற்றின் உரிமையைக் காப்பாற்றப்போவது யார்? வாங்குபவர் கொடுக்கும் விலையில் சுத்திகரிப்புச் செலவு தனித் தொகையாக இருக்க வேண்டும். எந்த நாட்டில் வாங்கினாலும் அந்தத் தொகை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாடு சுத்தமாகும்போது ஆர்டர் அடுத்த நாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்படியானால் ஏழை நாடு ஒன்று முதல் நாளிலிருந்தே சுத்தமாகத் தொடங்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். எத்தியோப்பியா தொடங்கியது. 2016-ல் திறந்த ஹவாசா தொழிற்பூங்கா ஆடைத் தொழிலுக்கென்றே கட்டியது. பக்கத்தில் இருக்கும் ஹவாசா ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற வழி கிடையாது. உள்ளே விழுந்தது உள்ளேயே கிடக்கும். அதனால் கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு நிலையத்தைத் தொழிற்சாலைகளோடு சேர்த்தே கட்டினார்கள். கட்டிக்கொடுத்தது அகமதாபாத்தின் அர்விந்த் குழும நிறுவனம். திருப்பூர் இருபது ஆண்டுகள் தள்ளிப்போட்டு, நீதிமன்றம் மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகு செய்ததை, நம்மைவிட ஏழையான நாடு முதல் நாளே செய்தது. அங்கே வறுமை அதற்குத் தடையாக இருக்கவில்லை.

அந்தப் பூங்காவைத் தடுமாற வைத்தது வேறு. 2019-ல் அங்குள்ள தையல் தொழிலாளர்களின் அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர் என்று தெரியவந்தது. அந்தச் சம்பளத்தில் வாழ முடியாமல் பெண்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். பிறகு அந்த நாட்டின் வடக்கே திக்ரே பகுதியில் உள்நாட்டுப் போர் வந்தது. அதைக் காரணம் காட்டி அமெரிக்கா 2022 ஜனவரி முதல் எத்தியோப்பியாவுக்கான வரிச்சலுகையை நிறுத்தியது. அந்த முடிவு வந்த கொஞ்ச நாளிலேயே, பூங்காவின் முக்கிய முதலீட்டாளராக இருந்த அமெரிக்க நிறுவனம் பிவிஎச் அங்கிருந்து விலகிவிட்டது. வேலை போனது, நீங்கள் பயந்த மாதிரியே. ஆனால் அதற்குக் காரணம் அங்கிருந்த சுத்திகரிப்பு நிலையம் அல்ல.